குழித்தறியின் மூன்று விசைகள்: பிள்ளையார்பாளையத்தில் உராய்வும் இழுவையும் மீட்சியும்

பல்லவ மன்னன் இராசசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயில் அமைந்துள்ள பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஒன்று. பள்ளி இயற்பியல் நூல்களில் உராய்வு, பாய்ம இழுவை, மீட்சி ஆகிய மூன்றும் வெவ்வேறு பாடங்களில், சாய்தளத்தில் வைத்த மரக்கட்டை, எண்ணெயில் விழும் எஃகுக் குண்டு, எடை தொங்கும் சுருள்வில் ஆகியவற்றைக் கொண்டு கற்பிக்கப்படுகின்றன. இப்பகுதியின் நெசவிலோ அவை மூன்றும் ஒரே இழையின்மேல், சாயச் சட்டி முதல் நெய்த துணி சுருளும் படமரம் வரை, அடுத்தடுத்தும் சில வேளைகளில் ஒருசேரவும் செயல்படுகின்றன. காஞ்சித் தறி ஏன் இந்த வடிவத்தைப் பெற்றது, அதை விரைவுபடுத்த முனைந்தவர்கள் ஏன் இடறினார்கள், அதன் ஓரத்தில் அமர்ந்து தொழில் கற்ற பிள்ளைகள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்னும் வினாக்களுக்குக் குலவழக்கம், பழமைப் பற்று என்று கூறப்படும் விடைகளைக் காட்டிலும் இழையின் இயல்பு தெளிவான விடை தருகிறது.

காஞ்சியில் நெசவு பழையது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின், இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள செப்பேடுகள், காஞ்சியின் பழம்பெயரான கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரிடம் ஊரகத்துத் திருமால் கோயிலின் அறக்கட்டளை நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகின்றன. நெசவாளர் வெறும் கூலியாட்களாக மட்டும் இருந்திருந்தால் கோயில் கணக்கு அவர்கள் கைக்கு வந்திராது. விசயநகர ஆட்சிக் காலத்தில் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்த தண்டு (பல்லக்கு), சங்கு முதலிய உரிமைகளைப் பிற ஊர்க் கைக்கோளரும் தமக்கு முன்மாதிரியாகக் காட்டிக் கேட்டதைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. செங்குந்தர் என்றும் அழைக்கப்படும் இச்சமூகத்தாரோடு சாலியர், தேவாங்கர், பட்டுநூல்காரர் ஆகியோரும் இந்நகரின் நெசவில் பங்கு கொண்டவர்கள். எனினும் கல்வெட்டும் செப்பேடும் உரிமையையும் வரியையும் பேசுமேயன்றித் தறியில் கை செய்யும் வேலையைப் பேசுவதில்லை. அந்த அறிவு எழுத்தில் ஏறாமல், வேலையின் ஒழுங்கிலேயே பொதிந்து வந்தது.

அந்த ஒழுங்கு நூலிலிருந்து தொடங்குகிறது. பருத்தி இழை சில சென்டிமீட்டர் நீளமே உடையது. அத்தகைய குறுந்துண்டுகளால் ஆன நூல் அறுந்து போகாமல் இருப்பதற்குக் காரணம், முறுக்கேறும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்குவதும், அந்நெருக்கத்தால் அவற்றிடையே எழும் உராய்வு அவை வழுக்கிப் பிரிவதைத் தடுப்பதும் ஆகும். குறுகிய நார்களால் நெடிய கயிறு எப்படி உருவாகிறது என்னும் இதே வினாவைக் கலிலியோ 1638இல் வெளியான தம் இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலின் முதல் நாள் உரையாடலிலேயே எழுப்பினார். பட்டு இவ்விதிக்கு விலக்கு. ஒரு கூட்டிலிருந்து உரியும் இழை நூற்றுக்கணக்கான மீட்டர் தொடர்ச்சியாக வரும் என்பதால், அதைப் பிடித்து வைக்க உராய்வின் துணை தேவையில்லை. காஞ்சிபுரத்தில் பட்டு நூலைப் பல புரிகளாகச் சேர்த்து முறுக்குவது துணிக்குக் கனமும் நூலுக்குத் துவளாத உடலும் கிடைப்பதற்காகவே. பருத்தி நெசவாளன் உராய்வை நம்பி வாழ்கிறான் என்றால், பட்டு நெசவாளன் அதை அளந்து பயன்படுத்துகிறான் எனலாம்.

கூட்டிலிருந்து வரும் இழையில் ஃபைப்ராயின் என்னும் உள்ளிழையைச் செரிசின் என்னும் பசை மூடியிருக்கிறது. எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கான இப்பசையைச் சோப்பும் சோடாவும் கலந்த சுடுநீரில் நீக்கிய பிறகே சாயம் ஏற்றப்படுகிறது. சாயச் சட்டியில்தான் இழை முதன்முதலாகப் பாய்ம இழுவையைச் சந்திக்கிறது. பாய்மம் என்பது நீரையும் காற்றையும் போல ஓடக்கூடிய பொருள். தன்னூடே செல்லும் எதையும் அது எதிர்த்திசையில் இழுக்கும், வேகம் கூடக்கூட அந்த இழுப்பும் கூடும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியாவின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் இத்தடையைப் பற்றியதே. நூல் கழிகளைக் கோலில் மாட்டிச் சாயநீரில் அமிழ்த்தித் திருப்பித் திருப்பி விடும் சாயக்காரர் இரண்டு எதிரெதிர்த் தேவைகளுக்கு இடையே நிற்கிறார். கழி அசையாமல் கிடந்தால், இழையை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலம் தன் சாயத்தை இழந்து வெறும் நீராகி, நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கழியை விரைந்து இழுத்தாலோ, பசைக் கவசம் போனதும் நனைந்து வலிமை குன்றியதுமான இழைகள் நீரின் இழுவையால் சிக்கி, ஒன்றோடொன்று உரசிப் பஞ்சு கிளம்பும். பொருளின் மேற்பரப்பை ஒட்டியுள்ள பாய்மப் படலம் தனியே நடந்துகொள்ளும் விதத்தை லுட்விக் பிராண்டல் என்னும் செருமானியர் 1904இல்தான் கோட்பாடாக வகுத்தார். காஞ்சியின் சாயத்துக்குப் பாலாற்றுப் படுகையின் நீரே காரணம் என்னும் நம்பிக்கை ஊரில் பரவலாக உண்டு. அந்நீரின் பங்கு எவ்வளவாயினும், கழியைத் திருப்பும் கையின் வேகத்துக்கு உரிய பங்கை அந்நம்பிக்கை மறைத்து விடுகிறது.

சாயமேற்றிய பட்டை நீர்த்த அமிலத்தில் அலசும் வழக்கத்தின் விளைவு ஒன்று வாங்குவோர் அனைவருக்கும் தெரிந்தது. அமிலத்தில் அலசிய இழைகளின் பரப்பு சற்றே பற்றுதல் கொள்கிறது. அவை ஒன்றன்மேல் ஒன்று தடையின்றி நழுவுவதற்கு மாறாகப் பிடித்தும் விட்டும் நகர்கின்றன, அந்த நுண்ணிய பிடி விடுதல்களின் தொகுப்பே புதுப் பட்டின் சரசரப்பு. கடையில் புடவை மடிப்பைக் கசக்கிக் காதால் தரம் பார்க்கும் பெண்கள், இயற்பியலார் ஒட்டி நழுவல் என்று வகைப்படுத்தும் உராய்வு நிகழ்வையே சோதிக்கிறார்கள். வயலினின் நரம்பு வில் பட்டு ஒலிப்பதும் இவ்வகையே.

பாவு, அதாவது துணியின் நீளவாட்டு நூல்தொகுதி, தறிக்குப் போகும் முன் தெருவுக்கு வருகிறது. விடியற்காலையில் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பாவாற்றி என்னும் தூரிகையால் நீவி உலர்த்தும் காட்சி பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களின் அடையாளமாகவே இருந்து வந்துள்ளது. நெய்யும்போது பாவின் ஒவ்வோர் இழையும் இழைகளை உயர்த்தும் விழுதின் கண்ணியிலும் அவற்றைப் பிரித்து நிறுத்தும் அச்சின் பற்களுக்கு இடையிலும் ஆயிரக்கணக்கான முறை உரசும். கஞ்சிப் படலம் அந்தத் தேய்மானத்தைத் தான் ஏற்று இழையைக் காக்கிறது. இங்கே கஞ்சியின் பாகுநிலையும், அதாவது பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது அவற்றிடையே தோன்றும் உள்ளுராய்வும், கணக்கில் வருகிறது. நியூட்டன் கருதிய எளிய பாய்மத்தில் எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் பாகுநிலை மாறாது. கஞ்சியோ நீவும்போது இளகி, நீவல் நின்றதும் மீண்டும் தடித்து விடும். தூரிகையின் கீழ் இளகுவதால் அது இழைதோறும் சீராகப் பரவுகிறது. தூரிகை கடந்ததும் தடிப்பதால் வழிந்து போகாமல் இழையிலேயே தங்குகிறது. விடியற்காலையைத் தேர்ந்ததும் சடங்குக்காக அன்று. வெயிலும் காற்றும் ஏறிவிட்டால் கஞ்சி பரவுமுன் காய்ந்து, இழை மொடமொடத்து ஒடியும். விரித்த பாவின் அகலத்தில் காற்று மோதினால், தனி இழையில் கண்ணுக்கே தெரியாத இழுவை நூற்றுக்கணக்கான இழைகளில் சேர்ந்து பாவையே உப்பச் செய்து கலைத்து விடும்.

தறி நிலமட்டத்திலும், மிதிகள் குழிக்குள்ளும் அமைந்திருப்பதும் இழையின் பொருட்டே பொருத்தமாயிற்று. சாதாரண ஈரப்பதத்தில் பட்டு தன் உலர் எடையில் 11 விழுக்காட்டளவு நீரைக் காற்றிலிருந்து ஏற்கும். அந்த ஈரம் குறைந்தால் இழை விறைத்து, உரசலால் மின்னூட்டம் பெற்று, ஒன்றோடொன்று விலகி நிற்கும். மண்தரையின் குளிர்ச்சி பாவுக்கு அந்த ஈரத்தைத் தருகிறது. அதே ஈரம் நெசவாளனின் மூட்டுகளுக்குள்ளும் இறங்கியது என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது.

மீட்சிக்கு வருவோம். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் பண்பே மீட்சி. நீட்சி இழுவிசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துக்களைக் குலைத்த புதிராக வெளியிட்டு, 1678இல் விடுவித்தார். பள்ளிகளில் ஹூக்கின் பெயர் சுருள்வில்லோடு மட்டும் இணைத்துக் கற்பிக்கப்படுவது ஒரு குறையே, ஏனெனில் அவர் 1665இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியாவில் பட்டுத் துணியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்ததோடு, பட்டுப்புழு செய்வதைப் போன்ற இழையைச் செயற்கையாக இழுத்தெடுக்க முடியலாம் என்னும் கருத்தையும் முன்வைத்தார். பட்டிழை அறுவதற்கு முன் ஐந்தில் ஒரு பங்களவு நீளக்கூடியது. ஆனால் முழுமையாக மீளும் எல்லை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். அவ்வெல்லையைத் தாண்டிய இழை அறுவதில்லை, தளர்ந்து தொங்குகிறது. நெசவாளனுக்கு அறுந்த இழையைக் காட்டிலும் தளர்ந்த இழையே பெருந்தொல்லை, ஏனெனில் அறுந்ததை உடனே பிணைத்து விடலாம், தளர்ந்ததோ துணியில் சுருக்கமாகத் தெரிந்த பிறகே பிடிபடும்.

குறுக்கு நூலான ஊடையைச் சுமக்கும் நாடா செல்ல வழிவிடுவதற்காக மிதியை அழுத்தும்போதெல்லாம் பாவின் ஒரு பகுதி மேலே எழும்ப வேண்டும். அந்த எழுச்சி ஒவ்வொன்றும் இழையை நீட்டுகிறது. நெய்த விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி உள்ள விழுது, இழையை 5 சென்டிமீட்டர் உயர்த்துவதாகக் கொள்வோம். விழுதுக்குப் பின்னே பாவு 60 சென்டிமீட்டரில் முடிந்துவிட்டால் இழை ஏறத்தாழ 0.7 விழுக்காடு நீள வேண்டியிருக்கும். பின்னே 3 மீட்டர் நீண்டிருந்தால் அந்த நீட்சி 0.14 விழுக்காடாகக் குறைந்துவிடும். தென்னிந்தியக் குழித்தறிகளில் பாவை உருளையில் நெருக்கமாகச் சுற்றாமல், வீட்டின் நீளத்துக்கு விரித்து, கடைசியில் கயிற்றால் இழுத்துக் கட்டும் பழைய முறையின் பயன் இக்கணக்கில் தெரிகிறது. நீண்ட பாவு தானே ஒரு நெடிய வில்லாகி, மிதியின் அதிர்வை மென்மையாக ஏற்றுக்கொள்கிறது. நெசவாளர் வீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உள்கட்டும் கொண்டு அமைந்ததற்கு மனை விலையும் தெருவமைப்பும் காரணமாயினும், பாவுக்கும் அதில் பங்கு இருந்தது.

பாவை இழுத்துப் பிடிக்கும் கயிறு பின்னுள்ள தூணைச் சுற்றி நெசவாளனின் கைக்கு எட்டும் இடத்துக்குத் திரும்பி வந்து முளையில் கட்டப்படும். துணி நெய்யப்பட்டுப் படமரத்தில் சுருளச் சுருள, அவன் இருந்த இடத்திலிருந்தே கயிற்றைத் தளர்த்திப் பாவை முன்னுக்கு விடுகிறான். தூணில் சுற்றிய கயிற்றின் பிடிப்பு சுற்றுகளின் எண்ணிக்கையோடு கூட்டல் முறையில் வளராமல் பெருக்கல் முறையில் வளர்வதை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். உராய்வுக் குணகம், அதாவது உராய்வு விசைக்கும் நெருக்கும் விசைக்கும் உள்ள விகிதம், 0.3 என்று கொண்டால், ஒரு சுற்று ஏறத்தாழ 6.6 மடங்கு இழுப்பைத் தாங்கும், இரண்டு சுற்று 43 மடங்கைத் தாங்கும். ஆயிரக்கணக்கான இழைகளின் மொத்த இழுவிசையை ஒரு சிறு முளை தாங்கி நிற்பது இதனால்தான்.

தறிக்கு வெளியே, கோயில் நகரான காஞ்சியில் உராய்வின் பொதுக் காட்சி தேரோட்டம். நின்ற தேரை அசைக்கத் தேவையான விசை, ஓடும் தேரை ஓட்டத் தேவையானதைவிட அதிகம் என்பதால் முதல் அசைவுக்கு வடத்தோடு நெம்புகோலும் வேண்டும். ஓடும் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவோரின் கண்கணக்கு வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைகள் கைவிடப்படவில்லை. 1699இல் பாரிஸில் அமோந்தோன் அறிவித்ததும், 1781இல் பரிசு பெற்ற கட்டுரையில் கூலோம் விரித்ததுமான உலர் உராய்வு விதிகளில், நிலை உராய்வு இயக்க உராய்வினும் பெரிது என்பதும் அடங்கும்.

காஞ்சிப் பட்டின் தனித்தன்மையான கோர்வையில்தான் இவ்விசைகளின் கதை தொழில் வரலாற்றோடு நேரடியாக மோதுகிறது. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறொரு நிறம் என்று அமையும் புடவையில், ஊடையைப் புடவை முழுவதும் ஒரே நாடாவால் ஓட்டினால் கரையின் நிறம் உடலின் நிறத்தோடு கலந்து மங்கிவிடும். ஆகவே உடலுக்கு ஒன்றும் கரைக்கு ஒவ்வொன்றுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடல் ஊடை கரையின் எல்லையில் கரை ஊடையோடு பின்னிக்கொண்டு திரும்ப வேண்டும். நெசவாளன் ஒரு கரையையும் உடலையும் பார்த்துக்கொள்ள, எதிர்ப்பக்கக் கரை நாடாவைப் போடத் துணையாள் ஒருவர் அமர்கிறார். முந்தானையின் நிறம் வேறாயின், பாவின் இழைகளையே ஒவ்வொன்றாக வேறு நிற இழையோடு கோத்து மாற்றும் பிட்னி முறை வேறு உண்டு.

ஜான் கே 1733இல் உரிமை பெற்ற விசைநாடா, கயிற்றை வெட்டி இழுத்தால் நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் பாயும்படி அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் இதைப் பரப்ப முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரட் சாட்டர்டன். அவர் முயற்சியில் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்று தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. பருத்தி நெசவில் விசைநாடா பின்னர் நிலைபெற்றது. கோர்வையில் அதற்கு வழியில்லை: பாய்ந்த நாடா கரையின் எல்லையில் நிற்காது. நாடாவின் வேகம் இரட்டித்தால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றலைப் பெட்டியின் பக்கச் சுவர் தன் உராய்வால் விழுங்கலாம், பாவின் நடுவே அதை விழுங்க எதுவும் இல்லை. கையால் தள்ளும் நாடாவை விரல் நிறுத்துகிறது. இதில் காற்றின் இழுவை மிகச் சிறு பங்கே வகிக்கிறது. 200 கிராம் எடையுள்ள நாடா நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, பாவின்மேல் அது சந்திக்கும் உராய்வில் காற்றின் தடை நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். நெசவாளரைப் புதுமைக்கு அஞ்சியவர்கள் என்று எழுதிய காலனிய அலுவலர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

சரிகை இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. வெள்ளியும் செம்பும் கலந்த கம்பியைத் துளைகளின் வழியே இழுத்து இழுத்து மெலிதாக்கி, தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன் பூசியது சரிகை. தமிழ்நாட்டில் தர அளவாகச் சொல்லப்படுவது தங்கம் 0.5, வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24 விழுக்காடு. துளையில் இழுபடும்போதே மீட்சி எல்லையைத் தாண்டிவிட்ட உலோகம் மீண்டும் சுருங்காது, பட்டோ சுருங்கும். உடல் ஊடைக்குத் தரும் அதே இழுப்பைச் சரிகை ஊடைக்கும் தந்தால், புடவை தறியிலிருந்து இறங்கியதும் உடல் சுருங்கிக் கரை நெளியும். உடலுக்கும் கரைக்கும் இடையே இந்த இழுப்பு வேறுபாட்டைக் கையளவில் காப்பதே கோர்வையின் நுட்பங்களுள் கடினமானது; எதிர்க்கரையில் அமர்ந்தவர் அதை நெசவாளனுக்கு ஈடாகச் செய்தாக வேண்டும்.

எதிர்க்கரையில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் குழந்தைகளே. விரல் மெலிது, கூலி குறைவு, வீட்டுத் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்ற காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றுள் இரண்டாவதே மெய்யான காரணம் என்று கொள்ளச் சான்று மிகுதி. பெற்றோர் தறிக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கரை நாடா போட்டனர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தபோது நெசவும் சாயமிடலும் தடை செய்யப்பட்ட பணிகளின் பட்டியலில் இடம் பெற்றன. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பணியிடத்துக்கு விலக்களிக்கப்பட்டதால், திண்ணையும் தறியும் ஒன்றாயிருக்கும் ஊரில் சட்டம் வாசற்படியிலேயே நின்றது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், பிறகு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பிள்ளைகளைத் தறியிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டு சென்றன.

எட்டாம் வகுப்பில் உராய்வும் பதினோராம் வகுப்பில் மீட்சியை அளக்கும் யங் குணகமும் அவர்களுக்குக் காத்திருந்தன. இழுவிசை கூடினால் நீட்சி கூடும் என்பதை விரலால் அறிந்த பிள்ளை, வகுப்பில் எஃகுக் கம்பியின் அட்டவணையை நிரப்பியது. தன் வீட்டுப் பாவு அதற்கு உதாரணமாகும் என்று பாடநூல் குறிப்பிடவில்லை. அதற்கு முந்தைய தலைமுறையில், கரை நாடா போட்ட பிள்ளை அந்த வகுப்பை எட்டவே இல்லை. செங்குந்தர் குடும்பத்தில் பிறந்து, காஞ்சியின் பச்சையப்பன் பள்ளியில் படித்து, தமிழகத்தின் முதலமைச்சரான அண்ணாவைப் போன்றோர் நெசவுத் தெருவிலிருந்து பள்ளிக்குச் சென்ற விலக்குகள்.

பிள்ளைகள் எழுந்து சென்ற இடத்தில் இன்று பெரும்பாலும் பெண்கள் அமர்கிறார்கள். கூலி பகிர வேண்டியிருப்பதால் கோர்வைத் தறிகள் குறைந்து, ஒற்றை நாடாவில் கரையையும் உடலையும் சேர்த்து நெய்யும் புடவைகள் பெருகியுள்ளன. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் 2005க்குப் பின் கிடைத்த புவிசார் குறியீடும் பெயரைக் காக்கின்றன. விசைத்தறி நாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பரவிய காற்றுத்தாரைத் தறியில் நாடாவே இல்லை. பீச்சும் காற்றின் இழுவை ஊடையைப் பாவின் குறுக்கே சுமந்து செல்கிறது. அத்தறியும் கரையின் எல்லையில் நின்று திரும்புவதில்லை.